குடலின் மெல்லாடை காத்த மேதை டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த தேவாரத்திலும், அதனைச் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களிலும் மகப்பேற்றை எதிர்நோக்கும் தாய்மார்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குச் செல்லுங்கால், இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரைகளைப் பெற்றுத் திரும்புவதை நாம் காண்கின்றோம். பள்ளி மாணவ மாணவியர்க்கும் அம்மாத்திரை வாரந்தோறும் வழங்கப்படுகின்றது. அதனை வழங்கும் செவிலியரும் விழுங்கும் தாயும், அதிலுள்ள போலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குழுவினை வழிநடத்தியவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஒருவர் என்பதைப் பெரும்பாலும் அறியார்.

அப்பெருமகனார் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். ஆயினும் அவர் பிறந்த பீமவரமும் நம் தேவாரமும் அந்நாளில் சென்னை மாகாணம் என்னும் ஒரே கூரையின் கீழ் இருந்தவை. தம் உடன்பிறந்தார் இருவரைக் குடல்நோய்க்குப் பறிகொடுத்த ஓர் இளைஞர், அந்நோய்க்கு மாற்றாகும் மருந்துகள் பிறந்த ஆய்வுக்கூடத்திற்கே தலைவராக உயர்ந்த வரலாறு இது. மாணவச் செல்வங்கள் ஊன்றிப் படிக்கவேண்டிய வரலாறும் ஆகும். அவ்வரலாற்றைச் செவ்வனே உணர, நம் வயிற்றுக்குள் மறைந்திருக்கும் ஒரு மெல்லிய திரையின் அமைப்பையும் அறிதல் வேண்டும். இரண்டையும் ஒருங்கே காண்போம்.

பிறப்பும் இளமையும்

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள், இன்றைய ஆந்திர மாநிலத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்துப் பீமவரத்தில் பிறந்தார். தந்தையார் செகந்நாதம், தாயார் வெங்கம்மா. மக்கள் எழுவருள் நான்காமவர் நம் சுப்பாராவ். வறுமை வாட்டிய குடும்பம் அது. படிப்பில் மனம் ஒன்றாத சுப்பாராவ், பதின்மூன்று வயதில் பொருளீட்டும் கனவோடு வீட்டை விட்டுப் புறப்பட்டார். காசிக்குச் சென்று, அங்கு வரும் பயணிகளுக்கு வாழைப்பழம் விற்றுச் செல்வம் சேர்க்கலாம் என்பது அவருடைய எண்ணம். வழியிலேயே அவரைக் கண்டறிந்து மீட்டு வந்தனர். தாயார் அவரை மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார்.

மெட்ரிகுலேசன் தேர்வில் அவர் இருமுறை தோற்றார். மூன்றாம் முறை, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு பயின்றார். அந்நாளில் துறவு நாட்டம் அவரை ஆட்கொண்டது. இராமகிருட்டிண மடத்தில் சேர விழைந்தார். தாயார் இசைவு தரவில்லை. துறவியாக இயலாதவர், மக்கள் பிணி தீர்க்கும் மருத்துவராகலாம் எனத் துணிந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர்களும், கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி என்பவரும் பொருளுதவி செய்தனர். அவருடைய மகள் சேசகிரியைச் சுப்பாராவ் 1919ஆம் ஆண்டு மணந்தார்.

கதராடையும் பட்டமும்

நாடெங்கும் விடுதலை வேட்கை பொங்கிய காலம் அது. அண்ணல் காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை மருத்துவத்தின்போது அணியும் மேலாடையையும் சுப்பாராவ் கதரிலேயே தைத்து அணிந்தார். ஆங்கிலேயரான அறுவை மருத்துவப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எழுத்துத் தேர்வுகளில் நன்கு எழுதியும் முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை அரசின் மருத்துவப் பணியில் சேர முயன்றும் பயனில்லை.

மனந்தளராத அவர், சென்னையில் டாக்டர் ஆச்சண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியராகப் பணியேற்றார். மனித உடலின் உறுப்புகளை மாணவர்க்கு விளக்கிக் கூறும் அப்பணி அவர் சிந்தனைக்கு உரமிட்டது. எனினும் ஏட்டில் கண்ட குடலும் இரைப்பையும் அவர் இல்லத்தில் துயரக் கதையாக ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன.

இல்லத்தில் புகுந்த கிராணி

நம் நாட்டு மருத்துவ நூல்கள் கிராணி என்றும் கிரகணி என்றும் கூறும் நாட்பட்ட கழிச்சல் நோய்களுள் ஒன்றினை மேலை மருத்துவர் வெப்பமண்டல ஸ்ப்ரூ என வழங்கினர். நாக்குப் புண்ணாகிச் சிவக்கும், உண்ட உணவு ஒட்டாது, கொழுப்பு மிகுந்த மலம் ஓயாது கழியும், குருதி வெளிறும், உடல் நாள்தோறும் மெலிந்து எலும்புந்தோலுமாகும். உணவு இலையில் நிறைந்திருந்தும் பசியால் இறப்பது போன்ற கொடுமை அது. சுப்பாராவின் தமையனாரையும் தம்பியையும் அந்நோய் அடுத்தடுத்துக் கொண்டுசென்றது. சுப்பாராவையும் அது பற்றியது. லட்சுமிபதி அளித்த ஆயுர்வேத மருந்தால் அவர் நலம் பெற்றார் என்று அவர்தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

மருத்துவம் கற்றவர் கண்முன்னே உடன்பிறந்தார் மாய்ந்தனர். கற்ற மருத்துவத்தில் அதற்கு மருந்தில்லை. அந்த இயலாமையே அவரைக் கடல் கடக்கச் செய்தது எனின் மிகையாகாது. அந்நோய் தாக்கும் இடம் எது, அவ்விடத்தின் அமைப்பு யாது என்பதனை ஈண்டுச் சற்றே நோக்குவோம்.

உணவுப்பாதையின் நுண்ணமைப்பு

வாய் தொடங்கி மலவாய் ஈறாக நீண்டு செல்லும் உணவுப்பாதை வெறும் குழாயன்று. உணவுக்குழல் முதல் பெருங்குடல் வரை அதன் சுவர் நான்கு அடுக்குகளால் நெய்யப்பட்ட ஆடை போன்றது. உள்ளே முதலாவதாகச் சளிப்படலம், அதன்கீழ்க் குருதிக்குழாய்களும் நரம்புப் பின்னல்களும் நிறைந்த அடிச்சளிப்படலம், மூன்றாவதாகத் தசைப்படலம், புறத்தே உறைபோன்ற வெளிப்படலம். தசைப்படலத்தில் உள்ளடுக்கு வளையமாகவும் வெளியடுக்கு நெடுகவும் ஓடுகின்றது. இவ்விரண்டும் மாறி மாறிச் சுருங்கி விரிவதாலேயே உணவு முன்னோக்கி நகர்கின்றது. இவ்விரு தசையடுக்குகளுக்கும் இடையே உள்ள நரம்புப் பின்னல் அவ்வியக்கத்தை நெறிப்படுத்துகின்றது.

நான்கனுள் முதலாவதான சளிப்படலம் இடத்திற்கேற்பக் கோலம் மாறுவது வியப்புக்குரியது. உணவுக்குழலில் சோறும் குழம்பும் உராய்ந்து செல்வதால், அங்கே தட்டையான உயிரணுக்கள் பல அடுக்காக அடுக்கப்பட்டு உறுதியாக உள்ளன. இரைப்பையில் அவை சுரப்பிக் குழிகளாக மாறி, அமிலத்தையும் புரதம் செரிக்கும் நொதியையும் சுரக்கின்றன. சிறுகுடலிலோ உறிஞ்சுதலே முதன்மைப் பணி. ஆகவே அங்கே உயிரணுக்கள் ஒரே அடுக்காக, தூண்களை நெருக்கி நிறுத்தியது போல் நிற்கின்றன. பெருங்குடலில் நீரை உறிஞ்சும் உயிரணுக்களும் சளி சுரக்கும் கோப்பை வடிவ உயிரணுக்களும் மிகுதி.

சிறுகுடலின் உட்பரப்பை நுண்ணோக்கியில் காண்போர் வியப்படைவர். குடலின் மிகச்சிறு துண்டை மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு கனத்தில் சீவி, ஹீமடாக்சிலின், இயோசின் என்னும் சாயங்களில் தோய்த்துக் கண்ணாடித் தகட்டில் வைத்தால், உயிரணுவின் உட்கரு நீலமாகவும் அதனைச் சூழ்ந்த பகுதி இளஞ்சிவப்பாகவும் தோன்றும். நாற்று நெருங்கிய வயல்போலக் குடலுறிஞ்சிகள் என்னும் விரல்வடிவ நீட்சிகள் நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொன்றின் உயரமும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை. உறிஞ்சியைப் போர்த்திய ஒவ்வோர் உயிரணுவின் மேற்புறத்திலும் அதனினும் நுண்ணிய நீட்சிகள் தூரிகை மயிர்போலச் செறிந்துள்ளன. மடிப்பின் மேல் விரல், விரலின் மேல் மயிர் என இவ்வாறு பெருகியதால், ஆறு மீட்டர் அளவுள்ள அக்குழாயின் உட்பரப்பு ஏறத்தாழ 30 சதுர மீட்டராக விரிகின்றது. ஒரு வகுப்பறையின் தரையளவு அது.

உறிஞ்சிகளின் அடியில் சிறு பள்ளங்கள் உள்ளன. 18ஆம் நூற்றாண்டில் அவற்றை விளக்கிய ஜெர்மானிய அறிஞர் லீபர்கூனின் பெயரால் அவை லீபர்கூன் குழிகள் எனப்படுகின்றன. புதிய உயிரணுக்கள் பிறக்கும் நாற்றங்கால் அவையே. குழியில் பிறந்த உயிரணு மெல்ல மேலேறி, உறிஞ்சியின் சரிவில் சத்தை உறிஞ்சும் பணியாற்றி, முடிவில் அதன் நுனியை எட்டி உதிர்ந்துவிடுகின்றது. பிறப்பு முதல் உதிர்வு வரை அதற்குரிய வாழ்நாள் மூன்று முதல் ஐந்து நாட்களே. நாம் உடுத்தும் ஆடையை மாற்றுவது போல, சிறுகுடல் தன் உள்ளாடையை வாரத்திற்கு ஒருமுறையேனும் முற்றிலும் புதுப்பித்துக் கொள்கின்றது.

இவ்விரைவே அதன் வலிமை. இவ்விரைவே அதன் மென்மையும் ஆகும். ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமாயின், அதன் மரபுப் பொருள் முதலில் இரட்டிக்க வேண்டும். அதற்குப் போலிக் அமில வழிவந்த சத்து இன்றியமையாதது. அச்சத்து குறைந்தால் விரைந்து பிரியும் உயிரணுக்களே முதலில் துன்புறும். எலும்புச் சோற்றில் பிறக்கும் சிவப்பணுக்கள் பருத்துப் பழுதாகும், குருதி வெளிறும். நாக்கு வழவழப்பாகிப் புண்படும். குடலின் மெல்லாடையும் நலிவுறும்.

கிராணியில் நிகழ்வது ஒரு கொடிய சுழற்சி. குடலுறிஞ்சிகள் குட்டையாகித் தடிக்கின்றன. போலிக் சத்தை உறிஞ்சும் சிறுகுடலின் மேற்பகுதி பழுதடைவதால் அச்சத்து உடலிற் சேர்வதில்லை. அச்சத்து சேராமையால் குடலாடை புதுப்பிக்கப்படுவதில்லை. கிணற்றில் நீர் வற்றியதால் இறைவைக் கயிறு அறுந்து, கயிறு அறுந்ததால் வயலும் காய்ந்தது போன்ற நிலை அது. இந்த உண்மை சுப்பாராவின் உடன்பிறந்தார் மறைந்த நாளில் உலகில் எவருக்கும் தெரியாது.

கடல் கடந்த கல்வி

காக்கிநாடாவைச் சேர்ந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையத்தின் உதவியாலும் மாமனாரின் துணையாலும் சுப்பாராவ் அமெரிக்கா சென்றார். 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 26ஆம் நாள் பாஸ்டன் நகரை அடைந்தார். ஊரில் விட்டுவந்த இளம் மனைவியை அவர் மீண்டும் காணவேயில்லை. அவர் சென்றபின் பிறந்த ஆண்மகவும் தந்தையின் முகம் காணாமலே இளமையில் மறைந்தது. அறிவுலகம் பெற்ற பேற்றிற்கு அவ்வம்மையார் கொடுத்த விலையினை நாம் மறத்தலாகாது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்த அவர், வயிற்றுப்பாட்டிற்காக மருத்துவமனை ஒன்றில் இரவு நேரப் பணியாளராக உழைத்தார். பட்டயம் பெற்றபின், உயிர்வேதியியல் துறையில் சைரஸ் பிஸ்கே என்னும் அறிஞரோடு ஆய்வில் ஈடுபட்டார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை எளிதில் அளவிடும் முறையை இருவரும் 1925இல் வெளியிட்டனர். பிஸ்கே சுப்பாராவ் முறை என்று அஃது இன்றும் பாடநூல்களில் பயிலப்படுகின்றது. 1927இல் தசையிலிருந்து பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளையும், 1929இல் ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் அவர்கள் கண்டறிந்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமான் என்பவரும் தனித்து ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார்.

உயிரணு தன் வேலைகளுக்குச் செலவிடும் நாணயம் ஏ.டி.பி. எனலாம். தசை சுருங்கவும், நரம்பு செய்தி கடத்தவும், குடலின் உயிரணு குளுக்கோசை உள்ளிழுத்துக் குருதியிற் சேர்க்கவும் அந்நாணயமே வேண்டும். இத்துணைப் பெருங்கண்டுபிடிப்பில் பங்கேற்றும், 1930இல் முனைவர் பட்டம் பெற்றும், ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி வழங்கப்படவில்லை. தம் பெயரை முன்னிறுத்தும் வழக்கம் அவரிடம் இல்லை. உடன் உழைத்தோர்க்குப் புகழை விட்டுக்கொடுத்து ஒதுங்கி நிற்பதே அவர் இயல்பாக இருந்தது.

இலையில் ஒளிந்திருந்த மருந்து

1940ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்துப் பெர்ல் ரிவர் என்னும் ஊரில் இயங்கிய லெடர்லே ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவ் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். அங்கே அவர் தம் உள்ளத்தில் நெடுநாள் கனன்ற தீயைச் செயலாக்கினார்.

இவ்விடத்தில் இன்னொருவரையும் நன்றியோடு நினைத்தல் வேண்டும். லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928 முதல் சில ஆண்டுகள் பம்பாயில் தங்கி, பஞ்சாலைகளில் உழைத்த ஏழைக் கருவுற்ற பெண்களின் குருதிச் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்டுச் சாற்றால் அச்சோகை தீர்வதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் உள்ள சத்து எதுவென்று அன்று எவரும் அறியவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின், 1941இல், அமெரிக்காவின் டெக்சாசில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகியோர் நான்கு டன் பசலைவகைக் கீரையிலிருந்து மிகச்சிறு அளவில் ஒரு சத்தைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்குப் போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர்.

டன் கணக்கான கீரையிலிருந்து துளியளவே கிடைக்குமாயின் நோயாளிக்கு எவ்வாறு வழங்குவது? அதனை வேதியியல் முறையில் செயற்கையாக ஆக்குவதே வழி. சுப்பாராவ் ஊக்கி நடத்திய லெடர்லே குழுவினர் ஈரலிலிருந்தும் நுண்ணுயிர்களிலிருந்தும் அச்சத்தைத் தூய நிலையில் பிரித்து, அதன் அமைப்பை அறிந்து, 1945இல் அதனைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டினர். டாம் ஸ்பைஸ் முதலிய மருத்துவர்கள் கியூபா போன்ற வெப்பநாடுகளின் கிராணி நோயாளர்க்கு அதனை வழங்கினர். புண்பட்ட நாக்கு ஆறியது, பசி மீண்டது, வெளிறிய குருதி சிவந்தது. தமையனும் தம்பியும் எந்நோயால் மாய்ந்தனரோ, அந்நோயாளர் எழுந்து நடந்தனர். உடன்பிறந்தார் மறைவிற்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி செய்யக்கூடிய ஈமக்கடன் இதனினும் பெரிது உண்டோ?

ஆக்கமும் தடையும்

ஒரு பூட்டின் திறவுகோலை அறிந்தவன் அதனை அடைக்கவும் அறிவான். போலிக் அமிலம் உயிரணுப் பெருக்கத்திற்குத் துணைசெய்யுமாயின், கட்டுக்கடங்காது பெருகும் புற்றுநோய் உயிரணுக்களுக்கு அச்சத்தை மறுத்தால் என்ன? பாஸ்டனில் குழந்தைகளின் குருதிப் புற்றுநோயை ஆராய்ந்த சிட்னி பார்பர் என்னும் மருத்துவரும், சுப்பாராவின் குழுவினரும் இவ்வழியில் சிந்தித்தனர். போலிக் அமிலத்தை ஒத்த வடிவமும் அதற்கு மாறான செயலும் கொண்ட பொருள்களைப் பெர்ல் ரிவரில் உருவாக்கி அனுப்பினர். அவற்றுள் அமினோப்டெரின் என்பதைப் பார்பர் 1947ஆம் ஆண்டின் இறுதியில் நோயுற்ற குழந்தைகளுக்கு வழங்கினார். பலருக்கு நோய் சில திங்கள் பின்வாங்கியது. 1948இல் வெளிவந்த அச்செய்தி, மருந்தினால் புற்றுநோயை எதிர்க்கலாம் என்னும் நம்பிக்கையை வளர்த்தது. அதன் இனத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் வழங்கப்படுகின்றது.

அம்மருந்தை உட்கொள்வோர் சிலருக்கு வாய் புண்ணாகின்றது, வயிற்றோட்டம் காண்கின்றது. காரணம் நாம் முன்னரே கண்டதுதான். புற்று உயிரணுவைப் போலவே வாயின் தோலும் குடலின் மெல்லாடையும் விரைந்து பிரியும் உயிரணுக்களால் ஆனவை. சத்தைத் தடுத்தால் புற்றும் வாடும், குடலும் வாடும். ஆகவேதான் மருத்துவர்கள் அளவறிந்து வழங்கி, முடக்குவாத நோயாளர்க்கு உடன் போலிக் அமிலமும் தருகின்றனர். தடையை ஆக்கிய ஆய்வுக்கூடமே அதன் மாற்றையும் முன்னர் ஆக்கியிருந்தது.

மண்ணில் பிறந்த மருந்து

சுப்பாராவ் வழிநடத்திய ஆய்வுக்கூடத்தில் மேலும் இரு பெரும் பயன்கள் விளைந்தன. ஒன்று, யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களுக்கு எதிரான டையெதில்கார்பமசின். 1947இல் அறிவிக்கப்பட்ட அம்மருந்து, நம் நாட்டின் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் கோடிக்கணக்கானோர்க்கு வழங்கப்பட்டுள்ளது.

மற்றொன்று ஆரியோமைசின். முதியவரான பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியலறிஞரைத் தம் ஆய்வுக்கூடத்தில் பணிபுரியச் செய்து, பல இடங்களின் மண்ணை ஆராயச் சுப்பாராவ் ஊக்கமளித்தார். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து டக்கர் பிரித்த இம்மருந்து 1948இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்கிளின் என்னும் மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. பின்வந்த ஆண்டுகளில் மருத்துவர்கள் கண்ட உண்மை ஒன்று உண்டு. கிராணிக்குப் போலிக் அமிலம் மட்டும் வழங்கினால் குருதிச் சோகை விரைவில் மாறும். ஆயினும் குடல் முழுதும் நலமுறுவது அரிது. குடலில் தங்கிக் கேடு செய்யும் நுண்ணுயிர்களையும் அடக்கவேண்டும். எனவே போலிக் அமிலமும் டெட்ராசைக்கிளினும் சேர்த்து மூன்று முதல் ஆறு திங்கள் வரை வழங்கும் முறை நிலைபெற்றது. அவ்விரு மருந்துகளின் மூலமும் ஒரே ஆய்வுக்கூடம். அதன் தலைவர் கிராணியால் உடன்பிறந்தாரை இழந்த ஒருவர்.

மறைவு

ஆரியோமைசின் அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே, 1948 ஆகஸ்டுத் திங்களில், சுப்பாராவ் உறக்கத்தில் மாரடைப்பால் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 53. இந்திய விடுதலைக்கு ஓராண்டு நிறைய இன்னும் சில நாட்களே இருந்தன. கால் நூற்றாண்டு அமெரிக்காவில் வாழ்ந்தும் அந்நாட்டின் குடியுரிமையை அவர் பெறவில்லை. நோபல் பரிசு முதலிய பெரும்பரிசு எதுவும் அவரை நாடி வரவில்லை. ஒரு பூஞ்சைக்கு அறிஞர்கள் அவர் பெயரைச் சூட்டினர். 1995இல் அவர்தம் நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல்துறை அஞ்சல்தலை வெளியிட்டுப் பெருமை கொண்டது.

வேலூரில் விளங்கிய உண்மை

கிராணி குடலாடையை எவ்வாறு சிதைக்கின்றது என்பதைச் சுப்பாராவ் நுண்ணோக்கியில் தெளிவுறக் காணும் வாய்ப்பு இருந்ததில்லை. உயிர் பிரிந்த சிறிது நேரத்திற்குள் குடலின் மென்திரை தன் சாறுகளாலேயே கரையத் தொடங்கும். ஆதலின் இறந்தோர் உடலைக் கொண்டு செய்த ஆய்வுகள் மருத்துவரை மயக்கின. 1957இல் கிராஸ்பி என்பவர் அறிமுகம் செய்த சிறு உறையை நோயாளி நூல்போன்ற குழாயுடன் விழுங்கினால், அது சிறுகுடலை அடைந்து அரிசிமணி அளவு திசுவைக் கிள்ளிக்கொண்டு வெளிவரும். வாழும் மனிதனின் குடலாடை அதன்பின்னரே எளிதாக ஆய்வுக்குக் கிட்டியது.

அக்கருவியைக் கொண்டு பெரும்பணி ஆற்றியது நம் தமிழகத்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. 1960ஆம் ஆண்டை ஒட்டி வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களில் கிராணி கொள்ளைநோய்போலப் பரவியது. செல்வின் பேக்கர், வி. ஐ. மாதன் ஆகியோர் ஊர் ஊராகச் சென்று அதனை ஆராய்ந்தனர். நலமுடன் உள்ள தென்னிந்திய உழவரின் குடலுறிஞ்சிகளே மேலைநாட்டார் உறிஞ்சிகளின் மெல்விரல் வடிவினின்று வேறுபட்டு, இலைபோல் அகன்றிருப்பதையும் அவ்வாய்வுகள் புலப்படுத்தின. தூய்மையற்ற நீரும் நெருக்கமான வாழ்வும் நுண்ணுயிர்த் தாக்கமும் குடலின் வடிவத்தையே மாற்றவல்லன என்னும் பாடம் அதிற் பொதிந்துள்ளது. ஏழையின் வாழ்நிலை அவன் குடல்திரையிலும் எழுதப்படுகின்றது. குடிநீரும் சுகாதாரமும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் பெருகியபின் கிராணி இன்று மிக அருகிவிட்டது.

நிறைவுரை

நம் வட்டாரத்து வயல்களிலும் தோட்டங்களிலும் விளையும் கீரையும் மொச்சையும் தட்டைப்பயறும் போலிக் சத்தின் களஞ்சியங்கள். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரைக் கொட்டிவிட்டால் அச்சத்தின் பெரும்பகுதியும் போய்விடும் என்பதை நம் இல்லத்தார் அறிந்திருத்தல் நலம். கருவுறும் முன்பிருந்தே போலிக் அமிலம் உட்கொண்டால் குழந்தையின் மூளை, தண்டுவடம் ஆகியவற்றில் ஏற்படும் பிறவிக் குறைகள் பெரிதும் தவிர்க்கப்படும் என்பது 1991இல் வெளியான ஆய்வினால் உறுதிப்பட்டது. ஆகவே மருத்துவர் வழங்கும் மாத்திரையை வீட்டு மாடத்தில் வைத்துவிட்டு மறப்பது பிறவாத குழந்தைக்குச் செய்யும் தீங்காகும். பெரியோர்கள் தம் இல்லத்து மருமக்களுக்கும் மகள்மார்க்கும் இதனை எடுத்துரைத்தல் கடமையாகும்.

மாணவச் செல்வங்களுக்கு இவ்வரலாறு கூறும் செய்தியும் உண்டு. இருமுறை தோற்றவர் சுப்பாராவ். உரிய பட்டம் மறுக்கப்பட்டவர். அரசுப் பணி மறுக்கப்பட்டவர். ஹார்வர்டில் பதவியும் மறுக்கப்பட்டவர். ஒவ்வொரு கதவும் அடைபட்டபோது அவர் வேறொரு வாயிலைத் தட்டினார். அவரைத் தாங்கி நின்றது புகழாசை அன்று. இரு உடன்பிறந்தாரின் நினைவு. வீட்டில் நேர்ந்த துயரத்தை ஊருக்கு மருந்தாக மாற்றிக் கொடுத்த வாழ்வு அவருடையது.

மூன்று நாட்களில் உதிர்ந்து போகும் குடலின் ஓர் உயிரணுவுக்குப் பெயரில்லை, நினைவுக்கல் இல்லை. ஆயினும் அது உதிரும்முன் உண்ட சோற்றைக் குருதியாக்கி உடலுக்கு அளித்துவிட்டே செல்கின்றது. சுப்பாராவின் வாழ்வும் அத்தகையதே. தேவாரத்தின் ஏதோ ஒரு தெருவில் ஒரு தாய் இன்று மாலை அம்மாத்திரையை விழுங்குவாள். அவள் அறியாவிடினும், அவள் வயிற்றில் வளரும் மகவு அப்பெருமகனாருக்கு நன்றிக்கடன் பட்டதே ஆகும். அக்கடனை நாமாவது அறிந்து போற்றுவோமாக.